இடத்தில் இருப்பவருக்கே பரிசு

லூமிஸ் ஃபிளாட் நகரத்தாருக்கும், நகரத்தைச் சூழ்ந்த கோதுமை வயல்களுக்கும், அவற்றின் நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் தானியக் கிடங்குக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, வரைபடத்தை மடித்தால் சரியாக மடிப்புக்குள் போய்விடுகிற நம் ஊர், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து மக்களைக் காப்பதில் நாட்டுக்கே வழிகாட்டத் துணிந்துவிட்டது. நீதிமன்றம் பறிக்கச் சொல்லும் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டகம் வாங்கப்படும். அதற்கு நிதி திரட்ட ஒரு துப்பாக்கி குலுக்கலில் விடப்படும்.

தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் ஆர்லின் ஓல்சன் இதை பான்கேக் காலை விருந்தில் எழுந்து நின்று வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். எங்களுக்குத் தெரிந்த நிதி திரட்டும் வழி அது ஒன்றுதான். தீயணைப்பு வண்டி வந்தது துப்பாக்கிக் குலுக்கலால். பள்ளி வாத்தியக் குழுவின் டிரம்பெட்டுகள் வந்தது துப்பாக்கிக் குலுக்கலால். லூத்தரன் தேவாலயத்தின் கூரை ஒழுகியபோது ஆண்டவர் எங்களுக்கு அருளியது ஓர் இரட்டைக்குழல்.

பெட்டகம் ஏன் தேவைப்பட்டது என்றால், சட்டம் எங்கள் ஷெரிஃப் அலுவலகத்தைப் பார்க்காமல் எழுதப்பட்டது. ஒருவர் மேல் நீதிபதி பாதுகாப்பு ஆணை போட்டால், அவர் தன் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆணை முடியும்வரை ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. சரி, எங்கே ஒப்படைப்பது? ஷெரிஃப் அலுவலகம் ஒன்றரை அறை. அரை அறையில் சாட்சிப் பொருள்களும், நீதிமன்ற வாசலுக்குக் கட்டும் கிறிஸ்துமஸ் விளக்குகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதனால் ஷெரிஃப், "சொந்தக்காரங்க யார்கிட்டயாவது குடுத்து வை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். சொந்தக்காரர்களும் வாங்கி வைப்பார்கள். அக்டோபரில் மான் வேட்டைக் காலம் வரும். சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்கள்தானே.

இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்தது ஷெரிஃப் அல்ல, நாங்களும் அல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டும் லினெட் ஹேடன்.

லினெட்டின் கணவர் ராய்ஸ் ஹேடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவரே தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னதில்லை. மேட்டுநிலம் முழுக்க அவருடைய கோதுமை. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், குலுக்கல் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், ஜூலை சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் குதிரையில் வந்தவர். சாப்பாட்டு மேசையில் அவரை ஜெபம் சொல்லக் கேட்டுக்கொண்டால், கிரேவி ஆடை கட்டும்வரை ஆண்டவருக்கு விளக்கம் கொடுப்பார். அவர் லினெட்டின் மேல் கை ஓங்கியதில்லை என்று ஊரே சத்தியம் செய்தது. அது உண்மை. அவர் செய்தது வேறு. லினெட் அவருக்குப் பிடிக்காத எதையாவது சொன்னால், வேலைக்குப் போவது, தங்கையைப் பார்க்கப் போவது, எதுவாகவும் இருக்கலாம், ராய்ஸ் எழுந்து போய் ரைஃபிளைக் கொண்டுவந்து இரவுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பிப்பார். உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்கும் வெண்ணெய்க்கும் நடுவில். ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசாத ராய்ஸை அந்த வீட்டில் மட்டும்தான் பார்க்க முடியும்.

லினெட் பாதுகாப்பு ஆணை கேட்டுப் போனபோது நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"எந்தப் பக்கம் பார்த்து வைப்பாரு?"

"நான் உக்கார்ற பக்கம்" என்றாள் லினெட்.

ஆணை வந்தது. ராய்ஸ் வீட்டைவிட்டு வெளியேறித் தம்பி டெல்பர்ட்டின் வீட்டுக்குப் போனார். லினெட் இருக்கும் இடத்துக்கு ஐநூறு அடிக்குள் வரக்கூடாது. துப்பாக்கிகள்? அவற்றையும் டெல்பர்ட்டுக்கே கொடுத்தார். கொடுத்த விதம் பார்க்க வேண்டும். பட்டப்பகலில், பிரதான வீதியில், ஒவ்வொன்றையும் கம்பளியில் சுற்றி, போரில் இறந்தவரின் கொடியை மடித்துக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். எங்களில் சிலர் கண் கலங்கினோம். அந்தத் துப்பாக்கிகளும் ராய்ஸும் அன்று ராத்திரி ஒரே கூரையின்கீழ்தான் தூங்கப்போகிறார்கள் என்பது கண்ணீர் காய்ந்த பிறகுதான் உறைத்தது.

லினெட்டுக்கு முன்பே உறைத்திருந்தது. வட்டார ஆட்சிக் கூட்டத்தில் போய் நின்றாள். பெட்டகம் வேண்டும் என்றாள். நிதி இல்லை என்றார்கள். அப்படியானால் திரட்டுங்கள் என்றாள். நிதி திரட்டுவது என்று வந்துவிட்டால் கூட்டம் எங்கள் குழுவின் பக்கம் திரும்பும். ஆர்லினோடு நாங்கள் நான்கு பேர். ராய்ஸோடு முப்பது வருஷம் மீன் பிடிக்கப் போனவர் ஆர்லின். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்து எந்தப் பக்கமும் வாங்காத மனிதர். அவர்தான் லினெட்டிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"இல்ல, லினெட்... குலுக்கல்னா வழக்கமா ரைஃபிள்தான் வைக்கறது. இந்தத் தடவ பாத்தா ஒரு மாதிரி... பாட்டி தையல் போர்வ எதாவது வைக்கலாமான்னு..."

"போர்வ வெச்சா எத்தன டிக்கெட் போகும்?"

"அது... உன் டிக்கெட்டு, என் டிக்கெட்டு. பாஸ்டர் ஒண்ணு வாங்குவாரு."

"அப்ப ரைஃபிளே வை. பெட்டகம் எதுல வந்தா என்ன, வந்தா சரி. நான் ஹக்கிள்பெர்ரிப் பழம் வெச்சு பை சுட்டுத் தரேன், விக்கலாம்."

டிக்கெட் விற்பனை தொடங்கிய முதல் நாளே ராய்ஸ் தீவனக் கடைக்கு வந்தார். கடையில் ஆள் சேரும்வரை உப்புக்கட்டிகளை விலை விசாரித்துக்கொண்டு நின்றார். சேர்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"என் மேல யாருக்கு வேணா வருத்தம் இருக்கலாம். எனக்கு யார் மேலயும் இல்ல. சட்டம்னு ஒண்ணு இருந்தா அத முதல்ல மதிக்கிறவன் இந்த ராய்ஸ் ஹேடன். நாளைக்கு அந்தப் பெட்டியில என் துப்பாக்கியத்தான் பூட்டப்போறாங்க. தெரிஞ்சும் குடுக்கறேன். ஒரு சுருள் டிக்கெட் குடுப்பா."

"முழுச் சுருளா?"

"பாதிச் சுருளு வாங்கற குடும்பமா எங்க குடும்பம்?"

கைதட்டினார்கள். குழுவுக்குள் மட்டும் ஒரு சின்னக் கேள்வி எழுந்தது. துப்பாக்கியைத் தொடவே கூடாதவருக்குத் துப்பாக்கிப் பரிசுச் சீட்டு விற்கலாமா? "சீட்டு என்ன சுடவா போகுது" என்றார் ஒருவர். "அவருக்கா விழப்போகுது" என்றார் ஆர்லின். ஒரு சுருள் முழுவதையும் வாங்கியவருக்கு விழாமல் யாருக்கு விழும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. விளைச்சலைக் கணக்குப் போடுவதில் நாங்கள் புலிகள். மற்றக் கணக்குகள் எங்களிடம் அவ்வளவு நெருங்கிப் பழகியதில்லை.

டிக்கெட்டின் பின்பக்கம் தடித்த எழுத்தில் ஒரு விதி உண்டு: குலுக்கும்போது இடத்தில் இருப்பவருக்கே பரிசு. அது ராய்ஸ் போட்ட விதி. அவர் தலைவராக இருந்த காலத்தில் ஸ்போகேன் நகரத்துப் பல் வைத்தியர் ஒருவருக்குப் பரிசு விழுந்து, ஆள் வராமல் போய், பரிசளிக்க ராய்ஸ் தயாரித்திருந்த உரை வீணாகிப்போனது. அடுத்த வருஷமே விதி வந்தது.

அறுவடை முடிந்த ஆகஸ்ட் சனிக்கிழமை, சந்தை மைதானத்தில் கூட்டம். லினெட் பை மேசையில் நின்றாள். அதாவது மைதானத்துக்குள் ராய்ஸ் வர முடியாது. ஆனால் ராய்ஸ் இல்லாமல் லூமிஸ் ஃபிளாட்டில் ஒரு விழா எப்படி நடக்கும்? வேலி போட நிலம் அளக்கும் சக்கரத்தைப் பை மேசையிலிருந்து உருட்டிக்கொண்டு போகுமாறு காலையிலேயே டெல்பர்ட்டை அனுப்பினார். சக்கரம் வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அறுத்த வயலின் ஓரத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி, அதன் பின்தட்டில் மடக்கு நாற்காலி போட்டு, சலவை மடிப்பு கலையாத சட்டையில் ராய்ஸ் உட்கார்ந்தார். வருகிற கார்களுக்கெல்லாம் கையசைத்தார். சட்டத்தை இவ்வளவு அழகாக மதித்த ஆளை நாங்கள் பார்த்ததில்லை.

லினெட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவள் பையைக் குறுக்கே வெட்டும்போது கத்தி தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. ஷெரிஃபின் துணை அதிகாரி, டெபுடி யெசேனியா ஒகாம்போ, சோளமாவில் பொரித்த சாசேஜ் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வீட்டுக்குப் போகணும்னா சொல்லு, லினெட். கூட்டிட்டுப் போறேன்."

"போனா, நாளைக்கு மளிகைக் கடையில ஆரம்பிச்சு எல்லா இடத்துலேருந்தும் போய்க்கிட்டே இருக்கணும்" என்றாள் லினெட். "இன்னும் ஆறு பை இருக்கு."

ஆர்லின் மேடையேறினார். பால் கேனுக்குள் கையை விட்டார். எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார். மைக் அவர் விழுங்கியதை ஊருக்கெல்லாம் ஒலிபரப்பியது.

"ராய்ஸ் ஹேடன்."

மைதானத்தில் அப்படி ஓர் அமைதியைப் பாஸ்டரால்கூட எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவழைக்க முடிந்ததில்லை. ஐநூறு அடிக்கு அப்பால் ராய்ஸ் எழுந்து நின்றார்.

"இங்கதான் இருக்கேன்."

எதையும் உரக்கச் சொல்லிப் பழகிய குரல், நன்றாகவே கேட்டது.

"ராய்ஸ்," என்றார் ஆர்லின் மைக்கில், பரிதாபமாக. "நீ இடத்துல இருக்கியா, இல்லையா?"

"நான் எங்க இருக்கேன்னு ஊருக்கே தெரியும்."

டெபுடி ஒகாம்போ மேடைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "உள்ள வந்தாத்தான் இடத்துல இருக்கறதா அர்த்தம், ஆர்லின். உள்ள வந்தா என்கூட ஜெயிலுக்கு வரணும். ரெண்டுல எதுன்னு அவரையே கேளு."

கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் ஊரில் எதற்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். டெல்பர்ட் ஏற்கெனவே மேடைப் படியில் கால் வைத்திருந்தான்.

"அண்ணனுக்காக நான் வாங்கிக்கறேன். அண்ணன் டிக்கெட்டு, என் கை. யாரும் எதையும் மீறல. குடு, ஆர்லின்."

நியாயமாகத்தான் பட்டது. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. பரிசும் போய்ச் சேரும், யாரும் யாரையும் முகம் கோண வைக்க வேண்டியதில்லை, வெயிலுக்குமுன் வீட்டுக்குப் போகலாம். ஆர்லினின் கை ரைஃபிளோடு நீண்டது. டெல்பர்ட்டின் கையும் நீண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்.

லினெட் கத்தியை வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தாள். மேடைக்கு நடந்தாள். வழியில் நின்றவர்கள் விலகினார்கள்; விலகும்போது சிலர் தரையைப் பார்த்தார்கள், அங்கே ஏதோ விழுந்திருப்பதுபோல. அவள் மேடையேறவில்லை. கீழேயே நின்று கேட்டாள். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

"டெல்பர்ட், அந்தக் கம்பளியில சுத்திக் குடுத்தாரே. எல்லாம் உன்கிட்டதான் இருக்கா?"

"இருக்கு. பின்ன."

"எல்லாமே?"

டெல்பர்ட் கெட்டவன் இல்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லித்தர வேண்டிய அண்ணன் ஐநூறு அடி தள்ளி நின்றார்.

"அது... ஒண்ண மட்டும் அண்ணன் திருப்பிக் கேட்டாரு. கோழிக்கூண்டுக்கு நரி வருதுன்னு. ஒண்ணே ஒண்ணுதான், லினெட்."

"உங்க வீட்டுல கோழி ஏது?"

டெல்பர்ட் யோசித்தான். இப்போதுதான் முதல்முறையாக யோசிக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

டெபுடி ஒகாம்போ பாதி சாசேஜைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வேலிக் கதவைத் திறந்துகொண்டு, சாலையைக் கடந்து, அந்தக் கோட்டை நோக்கி நடந்தாள். அவசரப்படவில்லை.

மேடையில் ஆர்லின் இன்னும் ரைஃபிளைப் பிடித்தபடி நின்றார். முப்பது வருஷ நட்பு வயலோரத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. லினெட்டும் அவரைத்தான் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பேருந்தில் ஏறப்போகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல, ஏறுகிறாயா இல்லையா என்று பார்த்தாள். ஆர்லினின் காது சிவந்தது. கையைப் பின்னுக்கு இழுத்தார். ரைஃபிளை மேசையில் வைத்தார். வைத்தபின் குனிந்து, அதன் வாய் யார் பக்கமும் இல்லாமல் காலி வயல் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"ராய்ஸ் ஹேடன், இடத்தில் இல்லை. அடுத்த சீட்டு."

நான் நாற்பது வருஷமாக இந்த ஊரில் பல உரைகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் சிறந்தது அதுதான்.

அடுத்த சீட்டை எடுத்தார். படித்தார். தலையை மேசையில் முட்டிக்கொள்ளாத குறை.

"ராய்ஸ் ஹேடன்."

இந்தமுறை ஆர்லின் தனியாகச் சொல்லவில்லை. முன்வரிசையில் சமையல் குழுப் பெண்கள் அவரோடு சேர்ந்து சொன்னார்கள்: "இடத்தில் இல்லை." அதில் ஒருத்தி ராய்ஸின் சொந்தச் சித்தி மகள். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

வயலோரத்தில் என்ன நடந்தது என்பதை டெபுடி பிறகு சொன்னாள். ராய்ஸ் தானே வண்டிக் கதவைத் திறந்து காட்டியிருக்கிறார். "நல்லா பாரும்மா. மறைக்க எனக்கு ஒண்ணும் இல்ல." இருக்கைக்குப் பின்னால் அந்த ரைஃபிள், குண்டு போட்டபடி. "அது என்னது இல்ல, டெல்பர்ட்டோடது. ஊரறியக் குடுத்துட்டேனே. அவன் பொருள நான் பாத்துக்கறேன், அவ்வளவுதான்." அவர் அதை மனப்பூர்வமாக நம்பினார் என்கிறாள் டெபுடி. விலங்கு மாட்டும்போதுகூட, கோட்டுக்கு அந்தப் பக்கத்தில்தான் மாட்டப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொன்னாராம்.

மூன்றாவது சீட்டு. ஆர்லின் அதைப் பிரித்தார். சீட்டைத் தூக்கிக் காட்டினார். அதுவே போதுமாக இருந்தது. மைதானம் முழுக்க, குலுக்கல் குழு, வாத்தியக் குழு, பாஸ்டர், கோடையில் ராய்ஸுக்காகக் கண் கலங்கியவர்கள், அறுவடை எந்திரம் ஓட்டுகிற பையன்கள், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ராய்ஸ் ஹேடன், இடத்தில் இல்லை." டெபுடியின் கார் அப்போதுதான் சாலையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பின் இருக்கையில் ஒரு சலவைச் சட்டை. இந்தமுறை சட்டப்படியும் சந்தேகத்துக்கு இடமில்லை.

லினெட் மேடையின் கீழ் நின்றபடியே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அழுதாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவள் சொன்னது இதுதான்: "சத்தம் போட்டதுல பசிச்சிருக்கும். பை மிச்சம் இருக்கு." அரை மணி நேரத்தில் ஆறும் தீர்ந்தன. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அவள் முகத்தை நேராகப் பார்த்து வாங்கினோம். அந்தக் கோடையில் எங்களால் அப்படிப் பார்க்க முடிந்தது அதுவே முதல்முறை.

நான்காவது சீட்டில் ரைஃபிள் பாஸ்டருக்கு விழுந்தது. அவர் மீனைக்கூடக் கொல்லாதவர். அதை அங்கேயே தீயணைப்புப் படைக்குத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷக் குலுக்கலுக்கு ஆயிற்று. ராய்ஸ் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது நீதிபதி ஆணையை நீட்டித்திருந்தார். டெல்பர்ட் மீதித் துப்பாக்கிகளைக் கம்பளி இல்லாமல், விழா இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு கொண்டுவந்து ஒப்படைத்தான். லினெட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் இப்போது வெண்ணெய்க்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு மட்டும்தான் இருக்கிறது. லூமிஸ் ஃபிளாட்டைப் பற்றி யாராவது ஏளனமாகப் பேசினால், அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று கேட்கிறோம். இருந்தோம் என்பவர்கள் இப்போது மைதானம் கொள்ளாத அளவுக்குப் பெருகிவிட்டார்கள்.

அக்டோபரில், மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், பெட்டகம் லாரியில் வந்து இறங்கியது. வாத்தியக் குழு டிரம்பெட் வாசித்தது. ஆர்லின் உரையாற்றினார். ரிப்பன் வெட்டப்பட்டது. எட்டுப் பேர் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஷெரிஃப் அலுவலக வாசலில் வைத்தார்கள்.

வாசலை யாரும் அளக்கவில்லை. பெட்டகம் இப்போது தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வெளியே மழையில் நிற்கிறது.